வலியைப் பொறுப்பது நோயாளியின் கடமை அன்று

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த பின்னர், நோயாளிகள் மயக்கவியல் பரிசோதனைக்காக எங்கள் அறைக்கு வருகிறார்கள். அண்மைக் காலமாக அவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "டாக்டர், மார்ஃபின் வகை மருந்து எதுவும் இல்லாமல் எனக்கு மயக்கம் கொடுக்க முடியுமா?" சிலர் உறவினர் சொல்லக் கேட்டிருப்பார்கள், சிலர் எங்கேனும் விளம்பரத்தில் படித்திருப்பார்கள்.

கேள்வி நல்ல கேள்வி. எங்கள் விடை இதுதான்: பெரும்பாலோருக்கு முடியும்; பலருக்கு அதுவே நல்லது. ஆனால் அதை ஒரு வாக்குறுதியாக நாங்கள் தருவதில்லை. ஏன் தருவதில்லை என்பதை நோயாளிகளும் உடனிருப்போரும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுவதால் இதை எழுதுகிறோம்.

ஓபியாய்டு என்றால் என்ன?

நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து மார்ஃபின் பிரித்தெடுக்கப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பின்னர் ஆய்வுக்கூடங்களில் அதைப் போன்றே செயல்படும் பல மருந்துகள் உருவாயின. 1960-ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் உருவாக்கப்பட்ட ஃபென்டனில், உலகெங்கும் அறுவை அரங்குகளில் அன்றாட மருந்தாகிவிட்டது. இந்தக் குடும்பம் முழுவதையும் ஓபியாய்டுகள் என்கிறோம். நம் ஊர் மருத்துவமனைகளில் வலிக்குப் பரவலாகப் போடப்படும் ட்ரமடால் ஊசியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வலிமை குறைந்தது, அவ்வளவுதான்.

இம்மருந்துகள் மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தியை அடக்குகின்றன. அறுவையின்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறாமல் காக்கின்றன. இந்தப் பயன்களுக்கு ஈடாக அவை சில தொல்லைகளையும் தருகின்றன: குமட்டல், வாந்தி, அரிப்பு, மலச்சிக்கல், அரைத்தூக்க நிலை. எல்லாவற்றையும் விட முக்கியமானது, மூச்சு விடும் உந்துதலை அவை தணிக்கின்றன.

பருமனான உடலில் மட்டும் ஏன் இத்தனை கவனம்?

எடைக் குறைப்பு அறுவைக்கு வருவோரில் பெரும்பாலோருக்கு ஏதேனும் ஓர் அளவில் உறக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறது. அதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள். படுத்ததும் தொண்டையைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசு அழுத்த, தளர்ந்த தசைகள் மூச்சுவழியை அடைத்துவிடுகின்றன. குறட்டை திடீரென்று நின்று, சில நொடிகள் அமைதி நிலவி, பின்னர் திணறலோடு மூச்சு மீள்கிறது. இந்தத் திணறல்தான் அவரைக் காப்பாற்றுகிறது; ஆக்சிஜன் குறைந்தவுடன் மூளை அவரைத் தட்டி எழுப்பிவிடுகிறது.

ஓபியாய்டு இந்த எச்சரிக்கை மணியின் ஒலியைக் குறைத்துவிடுகிறது. தொண்டைத் தசைகளையும் மேலும் தளர்த்துகிறது. மல்லாந்து படுத்தால் பெரிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், நுரையீரலில் சேமிப்பாக இருக்கும் காற்றும் இவர்களுக்குக் குறைவு. ஆகவே மற்றவர் தாங்கக்கூடிய ஒரு மூச்சுத் தடையை இவர்களால் அவ்வளவு நேரம் தாங்க முடியாது.

இரண்டாவது காரணம் வாந்தி. அறுவைக்குப் பின் யாருக்கு வாந்தி வரும் என்பதைக் கணிக்க, 1999 முதல் நான்கு எளிய கூறுகளைப் பயன்படுத்தி வருகிறோம்: பெண்ணாக இருத்தல், புகைபிடிக்காதவராக இருத்தல், முன்பு அவ்வாறு வாந்தி எடுத்திருத்தல் அல்லது பயணங்களில் குமட்டுதல், அறுவைக்குப் பின் ஓபியாய்டு பெறுதல். எடைக் குறைப்பு அறுவைக்கு வருவோரில் பெண்கள் அதிகம். நம் நாட்டுப் பெண்களில் புகைப்போர் மிகச் சிலர். முதல் இரண்டு கூறுகள் வாசலிலேயே சேர்ந்துவிடுகின்றன. அவற்றை மருத்துவர் மாற்ற முடியாது. மருத்துவர் கையில் இருப்பது நான்காவது கூறு ஒன்றுதான். ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி, எஞ்சியதை ஒரு குறுகிய குழாயாகத் தைத்திருக்கிறார்கள். அந்தப் புதிய தையலோடு இரவெல்லாம் ஓங்கரிப்பது எவ்வளவு துன்பம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். நீர்கூட அருந்த முடியாமல் உடல் வறண்டு, வீடு திரும்பும் நாளும் தள்ளிப்போகிறது.

ஓபியாய்டு இல்லாமல் வலியை எப்படி அடக்குகிறோம்?

ஒரே பெரிய மருந்துக்குப் பதிலாகப் பல சிறிய மருந்துகளை, வலி செல்லும் பாதையின் வெவ்வேறு இடங்களில் நிறுத்துகிறோம். தோலில் துளையிடும் இடங்களிலேயே உணர்விழக்கும் மருந்தைச் செலுத்துகிறோம். அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்தபடி, வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையே ஓடும் நரம்புகளைச் சுற்றி அதே மருந்தைப் பரப்புகிறோம். இதை டாப் பிளாக் என்பார்கள். இரத்தக்குழாய் வழியாக லிக்னோகைன், குறைந்த அளவு கெட்டமின், மக்னீசியம், டெக்ஸ்மெடிடோமிடின் ஆகியவற்றுள் நோயாளிக்குப் பொருந்துவனவற்றைத் தேர்ந்து செலுத்துகிறோம். பாராசிட்டமாலும் டெக்சாமெத்தசோனும் துணை நிற்கின்றன.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் இதயத் துடிப்பை மந்தமாக்கும், விழிப்பையும் தாமதப்படுத்தலாம். லிக்னோகைன் அளவு மீறினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரும். நரம்புகளைச் சுற்றிப் போடும் மருந்தோடு அதைக் கூட்டிக் கணக்கிட்டாக வேண்டும். கெட்டமின் சிலருக்கு விபரீதக் கனவுகளைத் தரும். மக்னீசியம், தசைத் தளர்ச்சி மருந்தின் வேலையை நீட்டிக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது. டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். அளவுகளையும் தராசு காட்டும் எடைக்கு அப்படியே போட்டுவிட முடியாது. 130 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பல மருந்துகளை, அவர் உயரத்துக்கு உரிய எடையை அடிப்படையாகக் கொண்டே கணக்கிடுகிறோம்.

ஆகவே 'ஓபியாய்டு இல்லாதது' என்பதற்கு 'பக்கவிளைவு இல்லாதது' என்று பொருளில்லை. ஒரு வகை ஆபத்தைத் தவிர்க்க, நாங்கள் கண்காணிக்கக்கூடிய வேறு வகை ஆபத்துகளை ஏற்கிறோம் என்பதே பொருள்.

ஆய்வுகள் சொல்வது

2014-இல் வெளியான ஓர் ஆய்வில், எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட 119 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். வழக்கமான மயக்கம் பெற்ற குழுவில் சுமார் 37 விழுக்காட்டினருக்குக் குமட்டலோ வாந்தியோ வந்தது. ஓபியாய்டு இல்லாத மயக்கம் பெற்ற குழுவில் 20 விழுக்காட்டினருக்கே வந்தது. இரு குழுக்களுக்கும் வாந்தி தடுப்பு மருந்துகள் கொடுத்திருந்தும் இந்த வேறுபாடு இருந்தது. இது சிறிய பலன் அன்று.

2021-இல் பிரான்ஸ் நாட்டிலிருந்து மற்றோர் ஆய்வு வந்தது. அது பல வகையான அறுவைகளைப் பற்றியது. அங்கும் ஓபியாய்டு தவிர்க்கப்பட்ட குழுவில் வாந்தி குறைவாகவே இருந்தது. ஆனால் அக்குழுவில் டெக்ஸ்மெடிடோமிடின் பெற்ற ஐவருக்கு இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்ததால், ஆய்வை முன்னதாகவே நிறுத்தினார்கள். அக்குழுவில் ஆக்சிஜன் குறைவும் கூடுதலாகவே காணப்பட்டது.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எங்களுக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே. ஓபியாய்டைக் குறைப்பது நன்மை தருகிறது. எந்த விலை கொடுத்தேனும் அதைச் சுழியமாக்க முனைவது அந்த நன்மையைத் திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடும். எடைக் குறைப்பு அறுவைக்கான ஈராஸ் சங்கத்தின் பரிந்துரைகளும் பல மருந்துகளைச் சேர்த்து ஓபியாய்டைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதையே வலியுறுத்துகின்றன.

ஓர் இரவில் நாங்கள் கற்றது

சில ஆண்டுகளுக்கு முன் நாற்பதுகளில் இருந்த ஒரு தாய்க்கு ஸ்லீவ் அறுவை நடந்தது. குறட்டை, உறக்கத்தில் மூச்சுத்தடை, சர்க்கரை நோய் மூன்றும் இருந்தன. ஓபியாய்டு இல்லாத மயக்கம் அவருக்குத் தகுந்ததே. அறுவை நன்றாக முடிந்தது, வாந்தி இல்லை, மாலையில் மகளுடன் பேசிக்கொண்டிருந்தார். முன்பரிசோதனையின்போது, "உங்களுக்குப் போதை தரும் வலி மருந்து எதுவும் தேவைப்படாது" என்று நாங்கள் மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தோம்.

நள்ளிரவுக்குப் பின் வயிற்றுச் சுவரில் போட்ட மருந்தின் வேகம் குறைந்தது. செவிலியர் வந்து கேட்டபோதெல்லாம் அவர் "பரவாயில்லை" என்றார். அதிகாலையில் சென்று பார்த்தபோது போர்வை நுனியைக் கடித்தபடி அசையாமல் படுத்திருந்தார். ஆழ்ந்து மூச்சு இழுக்க அஞ்சி, மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் அளவு சற்றே இறங்கியிருந்தது. இரவில் நடக்க வேண்டிய நடை நடக்கப்படவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "இரண்டு பிரசவம் பார்த்தவள் நான், இதைத் தாங்க மாட்டேனா? அந்த மருந்து வேண்டாம் என்றுதானே நீங்கள் சொன்னீர்கள், கேட்டால் சிகிச்சை கெட்டுப்போய்விடும் என்று நினைத்தேன்" என்றார்.

முதலில் நாடித் துடிப்பு, காய்ச்சல், வயிறு ஆகியவற்றைச் சோதித்து, தையலில் கசிவு ஏதும் இல்லை என்று அறுவை மருத்துவரோடு சேர்ந்து உறுதி செய்தோம். பின்னர் சிபாப் கருவியைப் பொருத்தி, ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து காட்டும் கருவியின் கண்காணிப்பில், மிகச் சிறிய அளவில் மார்ஃபின் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் எழுந்து வராந்தாவில் நடந்தார்.

அந்த இரவு அவர் பட்ட வேதனைக்கு மருந்து காரணமில்லை. எங்கள் சொல்தான் காரணம். ஒரு வழிமுறையை வாக்குறுதியாக மாற்றியபோது, வலியைச் சொல்லும் உரிமையை அவரிடமிருந்து அறியாமலே பறித்துவிட்டோம். அன்று முதல் நாங்கள் சொல்லும் முறையை மாற்றிக்கொண்டோம். "ஓபியாய்டு இல்லாமல் செய்ய முயல்வோம். தேவைப்பட்டால் பாதுகாப்பாகக் கொடுப்போம். தேவையா இல்லையா என்பதை உங்கள் வாய்ச்சொல்லும் முடிவு செய்யும்" என்கிறோம்.

வலியை அடக்காமல் விடுவது வீரம் அன்று. வலிக்கு அஞ்சும் நோயாளி இருமுவதில்லை, சளி தேங்குகிறது. நடப்பதில்லை, கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. பருமனான உடலில் இவ்விரண்டும் ஏற்கெனவே மிகுதியாக உள்ள ஆபத்துகள். மூச்சைக் காக்கவென்று ஓபியாய்டைத் தவிர்த்து, வலியினால் அதே மூச்சைச் சுருங்க விட்டால் நாங்கள் எதைச் சாதித்தோம்?

நம் நாட்டின் நிலை வேறு

'ஓபியாய்டு இல்லாத' என்னும் முழக்கம் பெரிதும் வலுப்பெற்றது அமெரிக்காவில். அங்கு அறுவைக்குப் பின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரைகளே பலரைப் பழக்கத்துக்கு அடிமையாக்கின. 2021-இல் மட்டும் ஓபியாய்டு மிகைப் பயன்பாட்டால் அந்நாட்டில் 80,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுடைய அச்சம் நியாயமானது.

நம் நாட்டின் துயரம் பெரும்பாலும் எதிர்த்திசையில் இருந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பின், புற்றுநோயாளிகள்கூட மார்ஃபின் கிடைக்காமல் துடித்தனர். 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே மருத்துவத் தேவைக்கு வழி சற்று எளிதாயிற்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் மார்ஃபின் இடம்பெற்றிருப்பதை மறக்கலாகாது. இத்தகைய நாட்டில் ஓபியாய்டைப் பெயரளவில் பேயாக்கிக் காட்டுவது, ஏற்கெனவே வாய்திறக்கத் தயங்கும் நோயாளியை மேலும் ஊமையாக்கும்.

எடைக் குறைப்பு அறுவைக்கு வருவோரிடம் இந்தத் தயக்கம் இன்னும் ஆழமானது. "விரும்பிச் செய்துகொண்டதுதானே, வலிக்கத்தானே செய்யும்" என்று உறவினரே சொல்வதை நாங்கள் வார்டில் கேட்டிருக்கிறோம். வாயைக் கட்ட முடியாததற்கான தண்டனை என்பதுபோல் நோயாளியும் அதை ஏற்றுக்கொள்கிறார். உடல் பருமன் ஒரு நோய். அறுவை அதற்கான சிகிச்சை. எலும்பு முறிந்தவரிடம் யாரும் சொல்லாத சொல்லை இவரிடமும் சொல்லாதிருப்போம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

அறுவைக்கு முன் எதையும் மறைக்காதீர்கள். குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று எழுதல், பகலில் அசதி ஆகியவற்றை நோயாளியை விட அவர் அருகில் உறங்குபவரே நன்கு அறிவார். ஆகவே முன்பரிசோதனைக்கு அவரும் வர வேண்டும். வீட்டில் சிபாப் கருவி பயன்படுத்துபவர், அதை மறவாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். தூக்க மாத்திரை, மதுப் பழக்கம், முன்பு மயக்கத்தின்போது நேர்ந்த தொல்லை ஆகியவற்றையும் தெரிவியுங்கள். எவையும் தீர்ப்புச் சொல்வதற்காகக் கேட்கப்படுவன அல்ல.

அறுவைக்குப் பின் "வலி பத்தில் எத்தனை?" என்று செவிலியர் கேட்பார். "பரவாயில்லை" என்பது அதற்கு விடையாகாது. படுத்திருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை என்று இரண்டு எண்களாகச் சொல்லுங்கள். இருமவும் நடக்கவும் முடிகிற அளவுக்கு வலி அடங்கியிருப்பதே எங்கள் இலக்கு. சுழியம் வலி என்பதை நாங்கள் வாக்களிப்பதில்லை.

தோள்பட்டையில் வலி வந்தால் அஞ்ச வேண்டாம். அறுவையின்போது வயிற்றை விரிக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அந்த வலி தோளில் தெரிகிறது. நடமாடினால் இரண்டு மூன்று நாள்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். இருந்தாலும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். அது தோள்வலிதானா, மார்பு வலியா என்று பார்ப்பது எங்கள் வேலை.

குறையவேண்டிய வலி நாளுக்கு நாள் கூடினாலோ, அதனோடு காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்குதல் சேர்ந்தாலோ, அது தையலில் கசிவு ஏற்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். வீட்டில் இருந்தால் மருந்துக் கடைக்குச் செல்லாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பைபாஸ் வகை அறுவை செய்துகொண்டவர்கள், மூட்டுவலிக்கென்று கடையில் விற்கும் வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது. அவை குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் நோயாளி அசாதாரணமாக அமைதியாக இருந்தால், "நன்றாகத் தூங்குகிறார்" என்று விட்டுவிடாதீர்கள். மருந்தின் மயக்கத்தில் மூச்சு மந்தமாகியிருக்கலாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டும் இருக்கலாம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தோன்றும். அழைப்பு மணியை அழுத்துங்கள். அதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

நிறைவாக ஒன்று. இனி முன்பரிசோதனைக்கு வரும்போது, "மார்ஃபின் இல்லாமல் செய்வீர்களா?" என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "வலி வந்தால், இரவு இரண்டு மணிக்கு எனக்காக யார் வருவார்கள், என்ன செய்வார்கள்?" இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை தர முடிந்த இடத்தில்தான் முதல் கேள்விக்கான விடையும் பாதுகாப்பானது. அந்த விடையை உங்களுக்குத் தருவது எங்கள் கடமை. கேட்பது உங்கள் உரிமை.